வெள்ளம் அறுத்த கிராவல் ரோடு: மண் கொட்டுவதா, குழாய் போடுவதா, தரைப்பாலமா?

வெள்ளம் ரோட்டை அறுத்துக்கொண்டு போன மறுநாள் எல்லார் வாயிலும் வருகிற முதல் பேச்சு, “நாலு டிப்பர் மண் கொட்டி நிரவிவிடலாம்” என்பதுதான். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கம் கரும்புக்காட்டுக்குள் வீடும் நிலமுமாக இருக்கிற நம் ஆட்களுக்கு அது நியாயமான அவசரம். ஏப்ரல் வாக்கில் ஆலை திறந்துவிடும். வெட்டின கரும்பு நாளாக நாளாகச் சர்க்கரையை இழக்கும். மடும்பிக் கிழங்கும் கொத்தமல்லியும் டர்பன் சந்தைக்குப் போயாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனாலும் டிப்பருக்கு போன் போடுவதற்கு முன்னால், கையில் இருக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு மழையோடு முடிகிற விஷயமில்லை இது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நம் குவாசுலு-நட்டால் மாகாணக் கடற்கரையோரம் பல இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400 பேருக்கு மேல் உயிர் போனது. டொங்காட் குடிநீர் நிலையம் உடைந்து, ஊர் மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீரை நம்பி இருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 2019 ஏப்ரலில் ஒரு வெள்ளம். 1987 செப்டம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே அடுத்த வெள்ளமும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் ரோட்டுக்குக் காசு போட வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி: ரோடு உண்மையிலேயே நம்முடையதுதானா? டி அல்லது எல் என்ற எழுத்தோடு எண் போட்ட ரோடு என்றால் அது மாகாணப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. புகார் கொடுத்துவிட்டுத் துரத்த வேண்டியதுதான், அதில் நம் காசை இறக்க வேண்டாம். அந்த ரோட்டிலிருந்து பிரிந்து வயலுக்குள்ளும் நாலைந்து வீடுகளுக்கும் போகிற துண்டு மட்டுமே நம் தலையில் விழுகிறது. இந்தக் கட்டுரை அந்தத் துண்டைப் பற்றியது.

அடுத்து, முழு ரோட்டையும் ஒருமுறை நடந்தே பாருங்கள். பக்கி என்கிற சின்ன பிக்கப் வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் பள்ளம் தெரியும், காரணம் தெரியாது. எங்கள் ரோட்டில் ஓடையைக் கடக்கிற இடத்தில் பழைய 450 மில்லிமீட்டர் சிமெண்டுக் குழாய் இரண்டு இருந்தன. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால் ஒன்று கீழே மூங்கில் புதரில் கிடந்தது. இன்னொன்று இருந்த இடத்திலேயே வாய் அடைத்துக் கிடந்தது. உள்ளே கரும்புத் தோகை, உரமூட்டைப் பை, நடுவில் வேரோடு வந்த கம் மர (யூகலிப்டஸ்) கட்டை ஒன்று. இழுத்தால் அசையவில்லை. தோகையைக் கத்தியால் அறுத்து அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. குழாய் அடைத்ததும் தண்ணீர் ரோட்டின் மேலே ஏறி, கீழ்ப்பக்கத்து ஓரத்தில் விழுந்து, விழுந்த இடத்தைத் தோண்டித் தோண்டிப் பின்னால் வந்திருக்கிறது. ரோட்டின் மேல்பக்கத்து ஓரம் புல்லோடு அப்படியே நின்றது, கீழ்ப்பக்கம் ஆள் உயரத்துக்குப் போயிருந்தது. பெரும்பாலான ஓடைக் கடவுகள் இப்படித்தான் உடைகின்றன.

நடந்து பார்த்தால் பழுது மூன்று விதமாகப் பிரியும். ஓடைக் கடவு அறுந்தது ஒன்று. ஏற்றத்தில் சக்கரத் தடம் வாய்க்காலாகி ஓடினது ஒன்று. சமதரையில் தண்ணீர் தேங்கிக் குழி விழுந்தது ஒன்று. மூன்றுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பதுதான் காசு வீணாகிற இடம். இதில் என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பணத்தில் பெரும்பங்கு ஓடைக் கடவுக்கும் வடிகாலுக்கும் போகட்டும். கிராவலுக்குக் கடைசியில் மிஞ்சியது போதும்.

மண் கொட்டி நிரவுவது

மற்ற எல்லா வழியையும்விட மலிவு, வேகம். டி.எல்.பி. (முன்னால் அள்ளி, பின்னால் தோண்டுகிற டிராக்டர் இயந்திரம்) ஒன்று, டிப்பர் சில நடை, ஒரே நாளில் வண்டி ஓடும். தற்காலிகத்துக்கு இதைக் குறை சொல்ல மாட்டேன். அறுந்த இடத்தில் பெரிய கல்லை அடியில் போட்டு, மேலே சரளை போட்டு, பருவம் முடியும்வரை ஓட்டலாம். தப்பு எங்கே நடக்கிறது என்றால், அதையே நிரந்தரம் என்று நினைத்து, பக்கத்து மேட்டிலிருந்து வெட்டின மண்ணைக் கொட்டுவதில்தான். கடற்கரைப் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் டர்பனில் பெரியா ரெட் என்று சொல்கிற செம்மணல். காய்ந்தால் கல் மாதிரி இறுகி நிற்கும். ஓடுகிற தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். உள்ளே தள்ளிப் போனால் ஷேல் பாறை. அது வண்டி ஏற ஏறத் தூளாகி, மழையில் வழுக்கும் சேறாகும்.

சரி, நல்ல கிராவல் வாங்கியே போடுவோம் என்றால் அளவு கணக்கு இது. 4 மீட்டர் அகலம், இறுக்கியபின் 150 மி.மீ. கனம், 100 மீட்டர் நீளம்: 60 கன மீட்டர். டிப்பரில் வருவது உதிரி. இறுகும்போது ஏறக்குறைய கால்பங்கு அமுங்கும் என்று வைத்தால் 80 கன மீட்டர் வாங்க வேண்டும். 10 கன மீட்டர் டிப்பரில் எட்டு நடை. அரை கிலோமீட்டருக்கு நாற்பது நடை. “நாலு டிப்பர்” என்ற பேச்சுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். செலவை ரேண்டில் சொல்லாமல் நடைக் கணக்கில் சொல்வதற்குக் காரணம், கல்குவாரி எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் விலையே நிற்கிறது.

என்ன கிராவல் என்பதிலும் கவனம் வேண்டும். சப்ளையரைக் கேட்டால் ஜி5 என்பார். அது நல்ல பொருள்தான், ஆனால் தார் ரோட்டுக்கு அடியில் போடுவதற்கென்று வகுத்த தரம். அதில் ஒட்டும் களிமண் குறைவு. திறந்த ரோட்டில் மேல்தளமாகப் போட்டால் வெயிலில் உதிர்ந்து, சக்கரத்துக்கடியில் அலை அலையாக வரிவிழும். மேல்தளத்துக்கு வேண்டியது பெரிய கல், சின்னக் கல், மணல், கொஞ்சம் களி எல்லாம் கலந்தது. கல் 37.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. இந்நாட்டில் தார் போடாத ரோடுகளுக்கான டி.ஆர்.எச். 20 என்கிற வழிகாட்டி சொல்வதும் இதைத்தான். டோலரைட் என்கிற கரும்பாறை உளுத்துப்போனது கிடைத்தால் நல்லது. மாதிரிக்கு ஒரு சாக்கு கிராவலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பது, நாற்பது நடை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சின்னச் செலவு.

போட்டபின் இறுக்க வேண்டும். டிப்பர் மேலே ஓடினால் தானே இறுகிவிடும் என்பது நடக்காது. சக்கரம் படுகிற இடம் இறுகும், நடு உதிரியாக நிற்கும். ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக்கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் லாரி வர வேண்டும், கையில் சேறு ஒட்டினால் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாகக் கொட்டாமல், 150 மி.மீ. அடுக்காகப் போட்டு, அதிர்வு ரோலர் விட வேண்டும்.

ஓடைக் கடவு: குழாயா, தரைப்பாலமா?

முடிவெடுப்பதில் கடினமான இடம் இதுதான். பெரும்பாலோர் பழைய குழாய் போன இடத்தில் புதுக் குழாய், போனால் போகட்டும் ஒரு சைஸ் பெரிதாக, என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓடைக்கு மேலே தண்ணீர் வடிந்து வருகிற நிலம் 20 ஹெக்டேர் என்று வையுங்கள், அதாவது 2,00,000 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டுகிறது. விழுந்ததில் பாதி ஊறாமல் ஓடி வருகிறது. ஒரு மணி நேரத்தில் 10,000 கன மீட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 2.8 கன மீட்டர். 600 மி.மீ. குழாய் ஒன்று, வாயில் தண்ணீர் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தேங்கி நிற்கும்போதுகூட, நொடிக்கு அரை கன மீட்டருக்குச் சற்று மேலேதான் விழுங்கும். ஐந்து குழாய் வேண்டும். 900 மி.மீ. குழாய் என்றால் ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர், இரண்டு போதும். ஆனால் 900 குழாயின் மேல் மண் மூடி ரோடு வர வேண்டும் என்றால் அந்த இடத்தில் ரோட்டையே ஒன்றேகால் மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் கல் சுவர், வெளிவாயில் கம்பிக்கூடைக் கல் அணை, எல்லாம் சேரும். இத்தனையும் செய்தபிறகு ஒரு கம் மரக் கட்டை வந்து வாயில் குறுக்கே நின்றால் கணக்கு அத்தனையும் போச்சு. கரும்புக்காட்டு ஓடையில் தோகையும் கட்டையும் வராத வெள்ளம் கிடையாது.

தரைப்பாலம் வேறு யோசனை. ரோட்டை ஓடைப் படுகை மட்டத்துக்கு இறக்கி, கான்கிரீட் பலகை போட்டு, தண்ணீர் மேலே போகட்டும் என்று விட்டுவிடுவது. இங்கே டிரிஃப்ட் என்பார்கள். அதே 2.8 கன மீட்டர் 10 மீட்டர் அகலத்துக்குப் பரவி ஓடினால் பலகையின் மேல் 20 செ.மீ. ஆழம்தான் இருக்கும். கட்டை வந்தாலும் மேலே மிதந்து போகும். அடைக்க வாயே இல்லை.

எங்கள் பக்கம் இதைச் சொன்னதும் வயதான மாமா ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது. “ஏன் தம்பி, தண்ணி ரோட்டு மேல போறதுக்கா நாம காசு போடுறது?” என்றார். “இல்லாட்டியும் மேலதான் போகும் மாமா. போகும்போது ரோட்டையும் கூட்டிக்கிட்டுப் போகாம இருக்கத்தான் காசு” என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கவலை பிள்ளைகளைப் பற்றியது. வெள்ளம் போகிற சில மணி நேரம் ரோடு மூடித்தான் கிடக்கும். சின்ன ஓடையில் அது பெரும்பாலும் அரை நாளுக்குள் வடியும். ஆனாலும் அந்த நேரத்தில் கடக்க நினைப்பவர்கள்தான் உயிரை விடுகிறார்கள். கணுக்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் வண்டியை இறக்கக்கூடாது. பலகையின் இரண்டு ஓரத்திலும் ஆழம் குறித்த கம்பம் நட்டு, சிவப்புக் கோடு போட்டுவிட வேண்டும். நடந்து போகிற பிள்ளைகளுக்கும், கரும்பு வெட்ட வருகிற ஜூலு ஆட்களுக்கும், கொஞ்சம் மேலே தள்ளி உயரமாக ஒரு நடைபாலம் கட்டிவிட்டால் மாமாவின் கவலைக்கும் பதிலாகும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் தரைப்பாலத்தின் விலை என்று கணக்குப் போடுங்கள்.

பொருள் அளவு: 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 200 மி.மீ. கனம் என்றால் 8 கன மீட்டர். இரண்டு பக்கமும் ஏறுகிற சாய்வுக்கு இன்னொரு 8. மேல்பக்க, கீழ்ப்பக்க ஓரங்களில் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் தரைக்குள் இறங்குகிற தடுப்புச் சுவருக்கு 5. ஆக 20 கன மீட்டரைச் சுற்றி, ரெடிமிக்ஸ் லாரி நான்கு நடை. தடுப்புச் சுவரை மிச்சம் பிடிக்கவே கூடாது. தண்ணீர் பலகைக்கு அடியில் புகுந்து மண்ணை உருவிவிட்டால் கான்கிரீட் அந்தரத்தில் நின்று உடையும். அதேபோல் பலகையின் மேல்மட்டம் ஓடைப் படுகையைவிட உயர்ந்து நிற்கக்கூடாது. நின்றால் அருவி மாதிரி விழுந்து கீழே குழி தோண்டும். கீழ்ப்பக்கம் சில மீட்டருக்குப் பெரிய கல் பதித்துவிட வேண்டும். தினசரிச் சின்ன ஓட்டம் சக்கரத்தை நனைக்காமல் போக வேண்டும் என்றால், பலகைக்குள் சின்னக் குழாய் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். அடைத்தாலும் நஷ்டமில்லை.

குழாய்தான் சரி என்கிற இடமும் உண்டு. ஓடை ஆழமாக, கரை செங்குத்தாக இருந்து ரோட்டை இறக்க முடியாது என்றால் வேறு வழியில்லை. மேலே வடிகிற நிலம் ஐந்து ஹெக்டேருக்குள் என்றால் 600 மி.மீ. குழாய் இரண்டே போதும். அதற்குக் கீழே 450 போட வேண்டாம், மண்வெட்டியும் கம்பும் விட்டுச் சுத்தம் செய்யக்கூட இடம் இருக்காது. நோயாளி இருக்கிற வீடு, அரை நாள்கூட வழி மூடக்கூடாது என்றாலும் பெரிய குழாயும் உயர்ந்த ரோடும்தான். மற்றபடி என் கை தரைப்பாலத்துக்குத்தான் நீள்கிறது.

ஏற்றத்தில் இரட்டைத் தடம்

ஏற்றம் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் என்றால் அங்கே கிராவல் எத்தனை தடவை போட்டாலும் அடுத்த மழை இறக்கிவிடும். அங்கே இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாகக் கான்கிரீட் பட்டை போடுவது நல்ல வழி. பட்டை ஒவ்வொன்றும் 80 செ.மீ. அகலம், 150 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்குக் கால் கன மீட்டர்கூட வராது. 60 மீட்டர் ஏற்றத்துக்கு 15 கன மீட்டருக்குள் முடியும். முழு அகலம் போட்டால் இரண்டரை மடங்கு. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஏறுகிற இடம் என்றால் 200 மி.மீ. ஆக்கி, வெல்டிங் கம்பிவலை வைத்துவிடுங்கள். நடுவில் கல் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவே வாய்க்காலாகிவிடும்.

தார் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: இத்தனை சின்ன ரோட்டுக்கு வேண்டாம். அடித்தளமும் வடிகாலும் சரியில்லாத இடத்தில் தார் கிராவலைவிட மோசமாக உடையும், பழுது பார்க்கவும் நம்மால் முடியாது.

ரோட்டையே இடம் மாற்றுவது பலருக்குத் தோன்றாத வழி. ஓடையோரமாகவே போகிற ரோடு என்றால் அதை முதுகு மேட்டுக்கு ஏற்றிவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். மவுண்ட் எஜ்கம்பில் இருக்கிற தென்னாப்பிரிக்கக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் கரும்பு நிலத் திட்டங்களில் முக்கிய ரோடுகளை மேட்டு முதுகில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அங்கே தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும், கடவே இல்லை. நாலு வரிசைக் கரும்பு போகும், பக்கத்து நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். ஒரே ஆளின் நிலத்துக்குள் என்றால் நான் இதைத்தான் முதலில் அளந்து பார்ப்பேன்.

எந்த வழியை எடுத்தாலும் வடிகால் கூடவே வர வேண்டும். ரோட்டின் நடுப்பகுதி இரண்டு ஓரங்களையும்விட 8 முதல் 10 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். ஓர வாய்க்காலில் சேர்கிற தண்ணீரை, அது வேகம் பிடிக்கும் முன்னால், குறுக்கே வெட்டி வெளியே விட வேண்டும். மைட்டர் டிரெயின் என்பது அதுதான். ஏற்றத்தில் 20, 30 மீட்டருக்கு ஒன்று. அது போய் விழுகிற இடம் புல் வளர்ந்த நீர்வழியாக இருக்கட்டும், பக்கத்து ஆளின் கரும்பு வரிசையாக இருக்கக்கூடாது. வெட்டின கரைகளில் வெட்டிவேர் நட்டால் பிடித்துக்கொள்ளும். டி.எல்.பி. வந்திருக்கும் நாளிலேயே இந்த வாய்க்கால்களை வெட்டிவிட்டால் தனிச் செலவு பெரிதாக வராது. ஆனாலும் நேரமில்லை என்று எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு ஆதங்கமும் அதில்தான்.

சட்டம், பங்கு, பருவம்

ஓடைக்குள் இறங்கி வேலை செய்யும்போது இரண்டு சட்டம் குறுக்கே வரும். 1998ஆம் வருடத்துத் தேசிய நீர்ச் சட்டம், 21ஆம் பிரிவு, ஓடையின் போக்கைத் தடுப்பதையும் கரையை மாற்றுவதையும் அனுமதி வேண்டிய காரியமாக வைத்திருக்கிறது. சுற்றுச்சூழல் விதிகளில், ஓடைக்குள் 10 கன மீட்டருக்கு மேல் கொட்டினாலோ தோண்டினாலோ தனி அனுமதி கேட்கும். முன்னே சொன்ன தரைப்பாலம் அந்த அளவைத் தாண்டலாம். வரைபடத்தோடு முதலிலேயே நீர்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. சொந்த நிலத்திலிருந்து கிராவல் வெட்டி அந்த நிலத்துக்கே போட்டுக்கொள்வதைக் கனிமச் சட்டம் அனுமதிக்கிறது. வெளியே ஒரு டிப்பர்கூட விற்கக்கூடாது.

பங்கு விஷயம் இன்னும் சிக்கல். ரோடு ஒருவர் நிலத்தில் இருக்கும், நடப்பது மற்ற நாலு வீடு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிலத்துக்காரருக்குப் பழுது பார்க்கும் கடமை இல்லை. வழியுரிமை உள்ளவர்கள்தான் தங்கள் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பத்திரத்தை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தலைக்குச் சமமாகப் பிரிப்பது எளிது, ஆனால் கார் ஒன்று வைத்திருக்கிற விதவை அக்காவும், தினம் கரும்பு டிரெய்லர் விடுகிறவரும் ஒரே பங்கு கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஓடைக் கடவைச் சமமாகவும், ஏற்றத்தையும் கிராவலையும் பாரம் ஏற்றுகிறவர் கூடுதலாகவும் சுமப்பது என்றால் சண்டை குறையும்.

வேலைக்கு ஏற்ற காலம் மே முதல் ஆகஸ்ட் வரை, இங்கே அதுதான் குளிர்காலம். ஓடை வற்றியிருக்கும், மண் காய்ந்திருக்கும். கரும்பு வண்டியும் அதே மாதங்களில்தான் ஓடும் என்பதால், தற்காலிகக் கல் கடவு ஒன்றைப் பக்கத்தில் போட்டு அதில் வண்டியை விட்டுக்கொண்டே தரைப்பாலத்தை முடிக்க வேண்டும். கான்கிரீட் போட்டபின் ஒரு வாரமாவது ஈரமாக வைத்து, பார வண்டியை 28 நாள் தள்ளிப் போடுங்கள். அந்த வருடப் பணம் அதோடு தீர்ந்துவிட்டால், வாய்க்காலை மட்டும் வெட்டிக்கொண்டு அக்டோபர் மழைக்குத் தயாராகலாம். ஏற்றத்துப் பட்டை அடுத்த குளிர்காலத்துக்கு, கிராவல் அதற்கும் அடுத்ததற்கு. சமதரையில் குழி இருந்தால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்.